பிரியக்கூடாத அடுக்கு

சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி நெஞ்சைக் காட்டிக்கொண்டிருக்கிறார் பால்பாண்டி. "நல்லாப் பாருங்க அண்ணாச்சி, ஒரு கோடு உண்டா? கீறவே இல்ல, கேட்டியளா." கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் எவரும் இந்தக் காட்சிக்குத் தப்ப முடியாது. அத்தனை பெரிய கண்டத்தைத் தாண்டி வந்தும் காட்டுவதற்கு ஒரு தழும்பு இல்லையே என்பது அவருடைய மனக்குறை. இருக்கிற சின்னத் தையல் தொடை இடுக்கில். "அதை ரோட்ல வச்சுக் காட்ட முடியுமா?"

தென்காசிப் பக்கத்துக்காரர், பிழைக்க வந்தது இந்த மலையாள ஊருக்கு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டலில் பல வருஷமாகப் பொறோட்டா அடிக்கிறார். மாவை வீசும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். பொறோட்டாவைக் கத்தியால் வெட்டித் தின்பவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யார் சொன்னதையும் கேட்டதில்லை. பிரஷர் மாத்திரை விழுங்கச் சொன்னதையும்தான்.

போன ஓணக் கூட்டத்தில், பொறோட்டாக் கல் முன்னால் நின்றவருக்கு முதுகைக் கிழித்தாற்போல் ஒரு வலி. அந்த அடுப்படியில் முதுகு பிடித்தால் ஒரே வைத்தியம்தான். பிறக்கும்போது கால் முன்னால் வந்தவன் ஏறி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்புகிறார்கள். மாவு பிசையும் லிங்கராஜ் அப்படிப் பிறந்தவன். பால்பாண்டி குப்புறப் படுத்தார். காலைத் தூக்கிய லிங்கராஜ், தரையெல்லாம் பெருகிய வேர்வையைக் கண்டு பின்வாங்கினான். "இது பிடிப்பு இல்ல மாமா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." அவன் மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதயத்திலிருந்து முதுகுப்பக்கமாக இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் வெளியேயும் கசியத் தொடங்கியிருப்பதை ஸ்கேன் காட்டியது. டாக்டர் ஜினி ஒரு நிமிஷமும் காத்திருக்கவில்லை. துணி போர்த்திய கம்பிவலைக் குழல் ஒன்றைச் சுருக்கித் தொடை வழியாக மேலே செலுத்தி, கிழிசலுக்கு நேராக விரித்துவிட்டார். கசிவு நின்றது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பால்பாண்டிக்கோ எல்லாம் பொறோட்டாதான். "ரத்தக்குழாயும் மூணு அடுக்காம். நம்மது அடுக்கு பிரிஞ்சாத்தான் ருசி. அது பிரியக்கூடாதாம்."

உயிர் தங்கியது, தொழில் தங்குமா? "கல்லு முன்னால நிக்க முடியலன்னா என்னைய எதுக்குப் பொழைக்க வச்சிய டாக்டரம்மா?" என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிட்டார். மனைவி உலகம்மாள் ஒரே பிடியாக நின்றாள். "அந்தக் கல்லுப் பக்கம் போனியன்னா நான் ஊரப் பாக்கப் போயிருவேன்." மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஜினி சிரித்தார். "எல்லாம் நன்னாயிட்டுண்டு சேட்டா. மாவு குழைக்கண்டா, பாரம் எடுக்கண்டா, மருந்து முடக்கண்டா. பொறோட்டா அடிச்சோ." மாவு பிசையக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மருந்தை நிறுத்தக்கூடாது; பொறோட்டா மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் திரும்பினார். லிங்கராஜ் மாவைப் பிசைந்து உருட்டி வைத்திருந்தான். உட்கார்ந்தே அடிக்கட்டும் என்று முதலாளி கல்லருகே ஒரு நாற்காலி போட்டிருந்தார். மாத்திரைப் பையும் கையுமாக உலகம்மாள் காவலுக்கு வந்து நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பால்பாண்டி அந்த நாற்காலியை இழுத்து உலகம்மாளுக்குப் போட்டு, தோளை அழுத்தி உட்காரவைத்தார். பிறகு ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, அவள் தலைக்கு மேலே விரியும்படி வீசினார்.