சீட்டுக்குள் ஒரு ஜோடி வெள்ளிக் கண்

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்துவிட்டது. இத்தனை நாள் பின்னால் கரி அடுப்பு கட்டி, அதன் வாயுவில் ஓட்டிய எங்கள் திருத்தணி பஸ்ஸை இன்று காதர் பாய் பட்டறையில் பிரித்தோம்.

பின்சீட்டுத் தேங்காய் நாருக்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் வெள்ளிக் கண்மலர், ஒரு ஜோடி. கண் நோவுக்கு முருகனிடம் வேண்டிக்கொண்டவர் யாரோ வழியில் தவறவிட்டிருக்கிறார்.

"யாரோட வேண்டுதலோ, நாம எப்படி பாய் செலுத்தறது?" என்றேன்.

பாய் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். "மலைக்கின்னு டிக்கெட் குடுத்தது நீங்கதானே கண்டக்டரே? ஆளு எறங்கிட்டாங்க, இது இன்னும் எறங்கல. இன்னா யோசிச்சிகினு நிக்கிறீங்க? கொண்டுபோய் வுடுங்க."

சாயங்காலம் படியேறி உண்டியலில் சேர்த்தேன்.

தவறவிட்ட புண்ணியவானே, உங்கள் கண்மலர் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் பஸ் வழக்கம்போலக் கொஞ்சம் தாமதம். கண் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.