அளவு ஜாக்கெட் கேட்டேன்

மறுபடியும் மில்லுக்குப் போகக் கூடாது. எனக்கு அப்போது இருந்த ஒரே லட்சியம் அதுதான்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தவன் நான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்தது. இனி பஞ்சுப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு, திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. சில வருஷம் ஓடியது. பிறகு ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் பேனர் வந்து அச்சகம் படுத்துக்கொண்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பாக்கிச் சம்பளத்துக்கு அதுதான்.

என் மனைவியின் அண்ணன் அதே மில்லில் மேஸ்திரி. வீட்டுக்கு வந்து, "நூல் கோன் பேக்கிங்ல போடச் சொல்றேன் மாப்ள, அங்க தூசி கம்மி. தீபாவளி வரைக்கும் இடத்தப் பிடிச்சு வைக்கிறேன், அதுக்குள்ள ஒரு பதிலச் சொல்லிரு" என்றார். தூசி கம்மி என்றால் எம்புட்டு கம்மி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

பேகம்பூரில் பாய் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இன்டர்நெட்டில் வேலைகளை ஏலம் விடும் தளங்கள் இருக்கின்றன என்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான். எங்கோ ஒரு நாட்டுக்காரர் கடைக்கு லோகோ வேண்டும் என்று போடுவார். உலகத்தில் இருக்கிறவன் எல்லாம் நான் செய்கிறேன் என்று எழுதிப் போடுவான். அய்யலூர் சந்தையில் ஆடு வாங்க வருகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், முதுகைத் தடவிப் பார்ப்பான். இங்கே நாம் எழுதுகிற நாலு வரிதான் பல்லும் முதுகும்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கல்யாணப் பத்திரிகை இங்கிலீஷ். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட வராது. ஆகவே அதையே எடுத்து எழுதினேன். தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து இந்த வேலையை எனக்கு அளித்துச் சிறப்பிக்கும்படி அன்புடன் வேண்டிக்கொண்டேன். தினமும் வேண்டிக்கொண்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஒருநாள் பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தம்பி, வெள்ளைக்காரனக் கல்யாணத்துக்குக் கூப்பிடுறீங்களா? பிரியாணி எத்தன மணிக்குன்னும் போட்டுருங்க."

பிறகு அவரே உட்கார்ந்து, என்ன செய்வேன், எப்போது தருவேன் என்று மட்டும் சின்னதாக எழுதித் தந்தார். அதைப் போட்ட கொஞ்ச நாளில் முதல் வேலை வந்தது. ஆஸ்திரேலியாவில் நாய்களைக் குளிப்பாட்டிவிடும் கடை வைத்திருந்த ஓர் அம்மா. கடைக்கு லோகோ.

"நாயக் குளிப்பாட்டக் கடையா?" என்றாள் என் மனைவி. அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். "இங்க மனுசன் குளிக்கவே தண்ணியக் காணோம்."

எங்கள் அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பத்திரிகை அடிக்க வருகிறவர் ஆபரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். முருகனை மேலே தூக்கு, தாய்மாமன் பேரைப் பெருசாக்கு, இந்த இடம் ஏன் காலியா கிடக்கு, அதுல சித்தப்பா பேரப் போடு என்று அவர் சொல்லச் சொல்ல நாம் செய்துகொண்டே போக வேண்டும். நன்றாக வந்தால் அவர் வாய்தான் காரணம், வராவிட்டாலும் அவர் வாய்தான் காரணம். என்னைப் போல் பயந்தாங்கொள்ளிக்கு அது பெரிய நிம்மதி. பக்கத்து ஸ்டூலில் ஆளில்லாமல் ஒரு கோடு போட்டதில்லை நான்.

ஆஸ்திரேலியா அம்மாவை ஸ்டூலில் உட்கார வைக்க முடியாதே. அதனால் எழுதிக் கேட்டேன். நாய் இடப்பக்கம் பார்க்கலாமா, வலப்பக்கமா? வால் மேலே இருக்கட்டுமா? நீலம் சம்மதமா? இந்த நீலமா, கொஞ்சம் கருநீலமா? வீட்டில் ஒரு கோடு மாற்றுவேன், பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் சைக்கிளை மிதிப்பேன், பாய் கடையில் அனுப்புவேன், திரும்புவேன். வீட்டுக்கு வந்ததும் காது சரியில்லை என்று தோன்றும். மறுபடி சைக்கிள். போய்ச் சேரும்போது அங்கே கரண்ட் போயிருக்கும். இருட்டுக்குள் பாயும் நானும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டார். என் பெயருக்குக் கீழே அஞ்சுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறார்' என்று எழுதியிருந்தார். பாய் அதை மெதுவாகப் படித்துச் சொன்னார். சிரிக்கவில்லை. இனி யார் என் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் முதலில் அதுதான் தெரியும் என்றார். புரட்டாசி பிறந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மில் சட்டையை எங்கே வைத்தாய் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் மிஷினை நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஏங்க, ஒருத்தி துணியக் குடுத்துட்டுப் போறா. கழுத்து எம்புட்டு, கை எம்புட்டுன்னு நான் பத்துத் தடவ அவ வீட்டுக் கதவத் தட்டுறேனா?"

"உனக்கு அளவு தெரியும்."

"எனக்கு என்னத்தத் தெரியும்? அளவு ஜாக்கெட் வாங்கி வச்சுக்கிறேன். அவளுக்குப் பொருந்துன பழைய ஜாக்கெட் ஒண்ணு. அத விரிச்சுப் பாத்தா எல்லாம் அதுலயே இருக்கு. இறுக்கமா போடுவாளா, லூசா போடுவாளான்னு அவகிட்ட கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியாது."

சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். மில் சட்டை எங்கே என்று கடைசி வரை சொல்லவில்லை.

அடுத்த நாள் பாய் கடையில், எழுதிப் போடுகிற வரிகளோடு ஒரு வரி சேர்த்தோம். உங்களுக்குப் பிடித்த வடிவம் ஒன்றும், கண்ணிலேயே காட்டக் கூடாத வடிவம் ஒன்றும் அனுப்புங்கள், வேறு எதுவும் கேட்க மாட்டேன். விலையையும் குறைத்துப் போட்டேன், ஒற்றை நட்சத்திரக்காரன் வேறென்ன செய்வான். கனடாவில் தேன் விற்கிற ஒருவர் மாட்டினார். பாட்டிலுக்கு லேபிள். தனக்குப் பிடித்த ஒரு சோப்பு உறையையும், பிடிக்காதது என்று படம் நெருக்கிய ஒரு ஜாம் லேபிளையும் படம் எடுத்து அனுப்பினார்.

சோப்பு உறையை ஸ்கேல் வைத்து அளந்தேன். முக்கால்வாசி இடம் காலி. எங்கள் ஊரில் அந்தக் காலி இடத்தில் ஒரு குடும்பத்தையே உட்கார வைத்திருப்பார்கள். தேன் லேபிளில் அதே அளவு காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. ஓரத்தில் ஒரு தேனீயை வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். மனைவி மிஷினிலிருந்து, "இன்னிக்கு ரெண்டாந்தடவ சைக்கிள எடுத்தீங்க, காத்தப் பிடுங்கி விட்ருவேன்" என்றாள். தேனீயை எடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை போய் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மில்லில் ஷிப்ட் பார்ப்பதை விட அலுப்பு. செய்வதற்குக் கையில் வேலை இல்லை, கேட்பதற்கு ஸ்டூலில் ஆள் இல்லை. பதில் வந்தது. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். அஞ்சு நட்சத்திரம் போட்டார். மெழுகுவர்த்தி செய்கிற அவருடைய நண்பரையும் அனுப்பிவைத்தார். அந்த நண்பருக்குப் பின்னால் ஒரு ரொட்டிக் கடைக்காரர். ஒற்றை நட்சத்திரம் அழியவில்லை, கீழே இறங்கிக்கொண்டே போனது. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் கீழே உருட்டிப் போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மச்சான் பைக்கை நிறுத்தாமலே வாசலில் நின்று கேட்டார்.

"என்ன மாப்ள, வாரியா இல்லையா? இடத்துக்கு வேற ஆளு நிக்கிறான்."

கையில் இருந்தது ரொட்டிக் கடை வேலை ஒன்றுதான். அதற்கு அப்புறம் யார் என்று தெரியாது. நெஞ்சை ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தேன். மூச்சில் விசில் சத்தம் இல்லை.

"இப்ப வரல மச்சான்."

"அதென்ன இப்ப?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "வரலைன்னு சொல்லுங்க."

"வரல மச்சான்" என்றேன். பைக் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ரொட்டிக் கடைக்காரர் அனுப்பிய படத்தை அளக்க ஸ்கேலைத் தேடினேன். அது அவள் மிஷின் மேல் கிடந்தது.