காவல்காரியின் இடது கால்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. பெருமையாகவே சொல்கிறேன். "விட்டுரும்மா, மேல இருக்கவன் பாத்துக்குவான்" என்பார் அம்மா. அவனுக்கு ஆயிரம் வேலை. என் வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

அப்போது பத்து பெரண்டாம் என்ற ஊரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன கேம் கம்பெனியில் நான் ஓவியர். விமானம் தாழப் பறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். குழுத் தலைவர் ஓர் அண்ணன், நம் தமிழ் ஆள்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டைக் காவல் காக்கும் ஒருத்திதான் அந்த விளையாட்டின் நாயகி. அவள் முகம், கைலிமேல் போட்ட முழுக்கைச் சட்டை, தோளில் சாய்த்த குலை வெட்டும் கம்பு, எல்லாம் நான் வரைந்தது. நடையும் என்னுடையதே. எங்கள் தொழிலில் ஒரு பாத்திரத்தை நடக்க வைக்குமுன் நாமே நடந்து வீடியோ எடுத்துக்கொள்வோம். அதைப் பார்த்துத்தான் அசைவை அமைப்போம். மெர்லிமாவில் எங்கள் வீட்டு முன் போர்ச்சில், அப்பா குலை வெட்டும் கம்பைத் தோளில் வைத்து நான் நடந்தேன். அம்மா கைப்பேசியில் எடுத்தார்.

சின்ன வயதில் மோட்டார் விபத்தில் முறிந்த என் இடது கால் கோணலாகக் கூடியது. நடந்தால் இழுபடும். பள்ளியில் அதற்கு எத்தனை கேலி! அந்த நடையை அப்படியே காவல்காரிக்குக் கொடுத்தேன். விளையாடியவர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள்.

ஆனால் விளையாட்டின் முடிவில் ஓடிய பெயர்களில் என் பெயர் இல்லை. ஓவியம், அசைவு இரண்டுக்கும் அந்த அண்ணன் பெயர்.

"பேரு போட்டா என்ன, போடாட்டி என்னலா தங்கச்சி? சம்பளம் வந்துருச்சில்ல?" என்று சிரித்தார்.

அன்றே வேலையை விட்டேன். அடுத்து வேலை கேட்டுப் போன இடங்களில் காவல்காரியைக் காட்டினால், "அது அவரு செஞ்சதாச்சே?" என்றார்கள். நான் பெற்ற பிள்ளையை நானே திருடியதுபோல என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளில் ஒன்றையும் நான் மறக்கவில்லை.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏறி, இன்னொரு கம்பெனியில் இயக்குநரானேன். போன வருடம் புது விளையாட்டுக்கு அசைவுக் கலைஞர் தேவைப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் அந்த அண்ணனும் ஒருவர். தன் வேலை என்று அவர் முதலில் காட்டியிருந்தது காவல்காரியை.

"கூப்பிடுங்க. என் பேரை மட்டும் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் வந்து, படம் காட்ட விளக்கை அணைத்த பிறகே நான் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் காவல்காரி எங்களைப் பார்த்து நடந்து வந்தாள்.

"இந்த நடை யாரு செஞ்சது சார்?" என்று என் குழுப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"நான்தான்லா. வீட்டு போர்ச்ல நானே நடந்து எடுத்தேன்."

"கொஞ்சம் நடந்து காட்டுங்கண்ணே" என்றேன் இருட்டிலிருந்து.

எங்கள் நேர்காணல்களில் இது சாதாரணமாகக் கேட்பதுதான். அவரும் தயங்காமல் எழுந்து, இல்லாத கம்பைத் தோளில் வைத்து, வலது காலை இழுத்து நடந்தார்.

வலது கால்! எதிரே வருகிறவளின் இடது கால், பார்க்கிறவருக்கு வலப்பக்கம் தெரியும். நடந்தவள் அதை மாற்றமாட்டாள். திரையைப் பார்த்துப் படித்தவர் மாற்றிவிட்டார்.

நான் எழுந்து விளக்கைப் போட்டேன். பிறகு அத்தனை பேர் நடுவிலும், வேண்டுமென்றே மெதுவாக, திரைவரைக்கும் நடந்தேன். எல்லார் கண்ணும் என் காலுக்கும் திரையில் காவல்காரியின் காலுக்குமாக ஓடியது. கேள்வி கேட்ட பெண் "ஐயோ, டைரக்டர்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தங்கச்சி..." என்றார் அவர். முகத்தில் ஈயாடவில்லை.

"வேலை இல்லைண்ணே" என்றேன். "கதவு அந்தப் பக்கம். உங்க சொந்த நடையில போங்க."

அவர் வெளியே போகும்வரை நான் உட்காரவில்லை.