கழுத்தில் விசிட்டர் அட்டை

பார்சல் வேலைக்குப் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருபது வருஷமாக வராத சண்டை வந்துவிட்டது. விண்ணப்பம் எல்லாம் செல்போனில்தான். பெயர், வயது, ஆதார் எல்லாவற்றையும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து மகள் சொல்லச் சொல்ல நானே நிரப்பிவிட்டேன். கடைசியில் அந்த ஆப், முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றது. செவிலிமேட்டில் நாங்கள் கட்டிய வீட்டில் வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது? இவர் ஆசை ஆசையாக ஹாலுக்குக் கிளிப்பச்சையும் அறைக்கு ரோஸும் அடித்து வைத்திருக்கிறார்.

நான் திட்டுவதற்கு வாயைத் திறக்கும் முன்பே மனிதர் உள்ளே போய்த் தன் கல்யாண வேட்டியை எடுத்து வந்தார். அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். முதல் படத்தில் வேட்டிக்கு மேலே அவருடைய நெற்றியும் இரண்டு கண்ணும் எட்டிப் பார்த்தன. ஒரு முகம்தான் இருக்க வேண்டும் என்று ஆப் திருப்பி அனுப்பியது. குனியச் சொன்னேன்.

"நான் எங்கமா தெரியறேன்? நல்லா பாரு" என்றார்.

இரண்டாவது படத்தில் வெளிச்சம் போதவில்லை. மூன்றாவதை எடுப்பதற்குள் அவருக்குக் கை வலி, எனக்குத் தலைவலி. ஆனால் அதை ஆப் ஏற்றுக்கொண்டது. படம் எப்படி விழுந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன்.

இந்த வேலைக்கு நான் ஏன் இப்படிப் பறந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மகள் படிக்கப் போய்விட்டாள். இவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்கு எங்கள் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டியபிறகுதான் முகத்தைப் பார்க்கலாம். நடுவில் நானும் மிக்ஸியும்தான் வீட்டில். இரண்டு சேலைக்கடைகளில் போய் வேலை கேட்டேன். ஒன்றில் முப்பத்தைந்து வயதுக்குள் என்று வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றில் கல்லாவில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், "பொண்ணுக்கா மா?" என்று. எனக்கு நாற்பத்து நான்கு வயது. வந்த கோபத்தில் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

எங்கள் வீட்டில் வாசல்கதவுக்குப் பக்கத்து ஆணியில் இவருடைய கம்பெனி அட்டை தொங்கும். வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும்போது அதையும் துடைத்து வைப்பேன். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இருந்தது. என் பெயரும் என் முகமும் போட்ட ஓர் அட்டை. வேறு எந்தப் பெரிய ஆசையும் இல்லை, அவ்வளவுதான்.

பார்சல் கம்பெனியில் பொண்ணுக்கா என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடிகாலை நாலு மணிக்கு வாருங்கள், ஏழு நாள் பார்ப்போம், சரிப்பட்டால் அட்டை என்று போனில் சொன்னார்கள். மூன்றரைக்கு இவர் என்னை மொபெட்டில் ஏற்றி ஊரின் அந்தக் கோடிவரை கொண்டுபோய் விட்டார். முன்பு அரிசி மண்டியாக இருந்த ஒரு பெரிய ஷெட். வாசலில் காவல்காரர், விசிட்டர் என்று எழுதிய ஓர் அட்டையை என் கழுத்தில் மாட்டினார். விருந்தாளிக்கு நாலு மணிக்கு என்ன வேலை என்று இவர் சிரித்தார். முறைத்துவிட்டு உள்ளே போனேன்.

டீம் லீடர் என்று ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து அந்த நேரத்துக்கே தலை பின்னி, பொட்டு வைத்து, ஸ்கூட்டியில் வந்து நிற்பாள். நான் மேடம் என்றேன். மேடமெல்லாம் வேண்டாம், வேகம்தான் வேண்டும் என்றாள். ஆனாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அவள் அக்கா என்றாள்.

வேலை இதுதான். நாலு மணிக்குச் சென்னையிலிருந்து பார்சல் வண்டி வரும். இறக்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, தெருவாரியாகக் கம்பிக் கூண்டுகளில் போட வேண்டும். முந்தின நாள் நம் ஊர்க்காரர்கள் வெளியூருக்குப் போட்ட பார்சல்களைச் சாக்குப் பைகளில் கட்டி, ஆறு மணிக்கு அதே வண்டியில் திருப்பி ஏற்ற வேண்டும். தெரு பிரிப்பதில் என்னை யாராலும் அசைக்க முடியவில்லை. இந்த ஊரில் கோயிலுக்கு ஒரு சன்னதி தெரு, கோயிலுக்கு நாலு மாட வீதி. எந்தக் கோயில் என்று பாதிப்பேர் எழுதுவதே இல்லை. பக்கத்தில் எழுதியிருக்கும் டீக்கடையையோ டெய்லர் கடையையோ வைத்து நான் சொல்லிவிடுவேன். முதல் நாளே அந்தப் பெண் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கெடுத்தது என் கால்தான். அங்கே எல்லாரும் பார்சலைக் காலால் தள்ளுவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கை நிறைய வேலை இருக்கும்போது கால்தான் உதவி. தரையில் கிடக்கும் பெட்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு, அது சரியாகக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். என்னால் அது முடியவில்லை. எங்கள் அப்பா வீட்டில் தறி. இப்போதும் அண்ணன் நெய்கிறார். நெய்வதற்கு முன்னால் பட்டு நூலைத் தெருநீளத்துக்குக் கட்டி நீட்டுவார்கள், பாவு என்று. அதை யாரும் தாண்டக்கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆறு வயதில் ஒருமுறை தாண்டிவிட்டு அம்மாவிடம் வாங்கிய அறை இன்றைக்கும் கன்னத்தில் இருக்கிறது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சட்டி பானையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அங்கே வெளியூர் போகிற பைகளில் பாதிக்குப் பாதி சேலைப் பெட்டி. அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தாலே எனக்குத் தெரியும், உள்ளே பட்டா இல்லையா என்று.

அதனால் நான் ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து கையால் எடுத்தேன். ஸ்கேனரில் அவரவர் எத்தனை முடித்தார் என்று காட்டும். என் பெயர் கடைசியிலேயே நின்றது. காலால் தள்ளுங்கள் அக்கா என்று அந்தப் பெண் இரண்டு முறை நயமாகவும் மூன்றாவது முறை நயம் இல்லாமலும் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் குனிந்தேன்.

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நாள். இரவெல்லாம் நல்ல மழை. ஷெட் தரை முழுக்கச் செருப்புச் சேறு. வெளியூர்ப் பைகளைக் கதவுப் பக்கம் நகர்த்தும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பையின் வாய் திறந்திருந்தது. அடியில் ஈரம். மேலாக ஆறு சேலைப் பெட்டிகள். பக்கத்தில் நின்றவர் பேசிக்கொண்டே அந்தப் பையை முட்டியால் ஒரு தள்ளுத் தள்ளினார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஆறு பெட்டிகளையும் எடுத்தேன். முந்தானையால் துடைத்தேன். மூலையில் சாமி படத்துக்குக் கீழே ஒரு மேஜை இருந்தது. அதில் புது பேப்பர் விரித்து அழகாக அடுக்கினேன். பை கட்டும்போது உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் சென்னைப் பார்சல்களைப் பிரிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். யாரோ பையைக் கட்டினார்கள். ஆறு மணிக்கு வண்டி போய்விட்டது.

பத்து நிமிஷம் கழித்து அந்தப் பெண் மேஜையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியில் ஏறியதாகக் கணக்கில் இருக்கிற ஆறு பெட்டி, ஷெட்டில் சாமிக்குக் கீழே இருக்கிறது. ஒன்றின் மேல் கல்யாணச் சேலை, அவசரம் என்று சிவப்பில் எழுதியே இருந்தது.

"யார் எடுத்து வெச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான் மேடம்" என்றேன்.

டிரைவருக்குப் போன் போட்டாள். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். நல்ல மனிதர், அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ராஜகுளம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடையில் அவர் டிபன் சாப்பிடாமல் போக மாட்டார் என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் ஷெட்டை விட்டு நகர முடியாது, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வண்டிகள் எல்லாம் லைனுக்குப் போய்விட்டன. நான் இவருக்குப் போன் செய்தேன். யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸோடு ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைப் பாதிதான் சொன்னேன். அங்கேயே இரு என்றார். கால் மணி நேரத்தில் மொபெட் வந்து நின்றது.

ஆறு பெட்டியையும் அணைத்துக்கொண்டு ஓடினேன்.

"முன்னாடி வெச்சிடுமா. கால்கிட்ட எடம் இருக்குது" என்றார்.

"கால்கிட்டயா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வேலயே போவப் போவுது. இப்பவுமா?"

நான் பின்னால் ஏறி, பெட்டிகளை மடியில் வைத்து முந்தானையால் மூடிக் கட்டிக்கொண்டேன். அந்த மொபெட் தன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. காற்றில் எனக்குக் கண்ணீர் வந்ததா, பயத்தில் வந்ததா தெரியவில்லை. என்னை அனுப்பிவிடுவார்கள் என்று அவர் முதுகில் சொன்னேன். ராத்திரி மழையில் தேங்கிய ஒரு குட்டையைச் சுற்றி வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

பிறகு, "உங்க அண்ணன் தறில கைய மட்டும் வெச்சிக்கினா நெய்யறாரு?" என்றார். "ரெண்டு காலாலயும் மிதிச்சாதானமா தறியே ஓடுது?"

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் விவசாயக் குடும்பத்து மனிதர் என் வீட்டுத் தறியை இவ்வளவு கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"அது மிதி. இது சேலை" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. கோபப்படத்தான் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே பெட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் பொங்கலில் பாதியில் இருந்தார். மறந்துவிட்டாயா என்று கேட்டார். மறக்கவில்லை அண்ணா, பத்திரமாக வைத்தேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையைக் கழுவி வண்டியைத் திறந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டார். ஆறும் ஏறிவிட்டன. ஆனால் இவருடைய கம்பெனி பஸ் அப்போது எங்கேயோ போயிருந்தது. பதினொரு வருஷத்தில் இவர் பஸ்ஸை விட்டதே இல்லை. கேட்டதற்கு, இன்றைக்குக் கம்பெனியில் கரண்ட் இல்லை என்று கூசாமல் புளுகினார். சாயந்திரம் இவருடைய சிநேகிதர் போன் செய்து, அண்ணனுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஜுரம் என்று நானும் புளுகினேன்.

அந்தப் பெண் அன்றைக்குச் சொன்னதெல்லாம், நாளைக்கு வாருங்கள், மேலே என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்பதுதான். சனிக்கிழமை நான் ஒரு முடிவோடு போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெட்டியைக் காலால் தள்ளினேன். கை தானாகக் கீழே போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. அடுத்ததற்கும் அப்படியே. குனிந்து எடுப்பதைவிட இதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. பத்தாவது பெட்டியில் நிமிர்ந்தேன். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். முடிந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நாள். இவருக்கு லீவு. தூங்குங்கள் என்றாலும் கேட்காமல் வெளியிலேயே மொபெட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனால், கதவுக்குப் பக்கத்தில் செங்கல் மேல் இரண்டு பலகை போட்டிருந்தது. சுவரில் மார்க்கரில் 'பட்டு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"இது உங்க எடம் கா" என்றாள் அந்தப் பெண். "பையக் கட்டறப்ப பலகைல ஒண்ணுகூட இருக்கக்கூடாது. இருந்துச்சு, அப்பறம் நானே உங்கள அனுப்பிடுவேன்."

மேலே என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இங்கே ஒரு தப்பு நடந்தால் யார் செய்தது என்று கண்டுபிடிக்கவே தனக்கு அரை நாள் ஆகும், அன்றைக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அதைத்தான் மேலே சொன்னதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

என் பெயர். என் முகம், முறைத்தபடி. பின்னால் வெள்ளை வேட்டி. இடது தோளுக்கு மேலே, வேட்டியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி நாலு விரல்.

அந்தப் பெண்ணும் அதைப் பார்த்தாள். யாருடைய கையோ விழுந்திருக்கிறது, வேறு படம் எடுத்து மாற்றிவிடலாம் அக்கா என்றாள். வேண்டாம் மேடம், இருக்கட்டும் என்றேன்.

எட்டு மணிக்கு வெளியே வந்து, விசிட்டர் அட்டையைக் காவல்காரரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, புது அட்டையை இவர் கையில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரப் பிடித்தார்.

"நல்லா பாருங்க. நீங்களும் இருக்கீங்க" என்றேன்.

"இதுல நான் எங்கமா தெரியறேன்?" என்றார்.

நான் கட்டைவிரலால் அந்த நாலு விரலையும் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அட்டையை என் கழுத்தில் மாட்டி, முகம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பிவிட்டு, வண்டியை உதைத்தார்.