டிக்கெட்டின் பின்பக்கம்

1957 மே மாதம் காஜா பெராங் பஸ் கண்டக்டர் கலியாணசுந்தரத்திடம் இருந்தது ஒரே ஒரு டின் தேன். சிநேகிதன் நடராஜன் செங் தோட்டத்திலிருந்து கொடுத்தது. துரை வீட்டு விருந்தில் ஒரு தடவை தேன்மது குடித்துவிட்டுப் பத்து வருஷமாக அதையே பேசிக்கொண்டிருந்த நடராஜன், செப்டம்பரில் கப்பலேறி நாகப்பட்டினம் போகிறான். திரும்பி வரமாட்டான். அதற்கு முன்னே, ஆகஸ்ட் கடைசியில் நாடு சுதந்திரமடையும் மெர்டேக்கா நாளன்று அவன் கையில் ஒரு கிளாஸ் தேன்மது கொடுத்தாக வேண்டும். இந்தத் தேன் கெட்டால் வேறு தேன் கிடையாது.

தேன்மது செய்யும் முறை பற்றி நூலகத்தில் கிடைத்த ஒரே புத்தகம் குளிர் தேசத்துக்காரர்களுக்கு எழுதியது. ஆகவே பயணிகளைக் கேட்டார். டிக்கெட் வாங்கத் தயங்கியவர்கள்கூட யோசனை சொல்லத் தயங்கவில்லை. "நம்ம முறை தப்பவே தப்பாது லா" என்றார்கள் பதினோரு பேர். பதினொன்றும் வேறு வேறு முறை.

பன்னிரண்டாவது ஆள் ரொட்டிக் கடையில் வேலை செய்யும் பூங்காவனம்.

"எனக்கு ரெண்டு போத்தல் வெடிச்சிருச்சுண்ணே. மூடிய இறுக்கிட்டேன். கூரையெல்லாம் தேனு, எறும்புக்குத் தீபாவளி."

"அப்புறம்?"

"அடுத்த தடவை மூடியே போடல. துணி கட்டி வச்சேன். ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை போதும்."

கலியாணசுந்தரம் அதை மட்டும் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். எங்கே கெடும் என்று கெடுத்துப் பார்த்தவளுக்குத்தானே தெரியும்!

மெர்டேக்கா நாள் மத்தியானம் நடராஜன் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். "துரை வீட்டுது இப்படி இல்லடா." பிறகு கிளாஸை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

கப்பல் போன மறுவாரம் பஸ்ஸில் ஒருவர் முறை கேட்டார்.

"என்னோடது கொஞ்சம் புளிச்சிருச்சு" என்று ஆரம்பித்தார் கலியாணசுந்தரம். "எங்க தப்பு பண்ணேன்னு சொல்றேன், எழுதிக்குங்க."