சிவப்பு அட்டைக்கு மேல்முறையீடு இல்லை

கல்யாணம் செய்துகொண்டால் ஒரு கால்பந்து வீரரைத்தான் என்று என் மகள் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் இருந்த சோற்றை விழுங்குவதா, நிறுத்துவதா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"சரி, உத்தியோகம் என்ன?" என்றேன்.

"அதுதாம்ப்பா உத்தியோகம்."

அவள் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். அவர் முழங்காலைக் காட்ட வந்தவர். புன்னக்காயல்காரர், அப்பா கடலுக்குப் போகிறவர். கத்தோலிக்கக் குடும்பம் என்பதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மதம் வேறாக இருந்தால் அதற்கென்று சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், முப்பது நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவனுக்கு, விதி இருக்கும் எதுவும் பயம் தராது. கால்பந்துக்குத்தான் என்னிடம் விதி இல்லை.

"எந்த டீம்?"

"இப்போ கேரளாவில ஒரு கிளப். முன்னால கோவா, கொல்கத்தா, ஷில்லாங், ஐஸ்வால், பெங்களூர். நடுவுல ஒரு வருசம் மாலத்தீவு."

இந்த முறை தட்டையே தள்ளி வைத்துவிட்டேன். ஒரு மனிதனை வருடத்துக்கு ஓர் ஊர் என்று தூக்கியடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'நிர்வாக நலன் கருதி' என்று தொடங்கும் மாறுதல் உத்தரவுகளை நானே நிறையத் தயாரித்திருக்கிறேன். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு கையாடலோ, மேலதிகாரியிடம் ஒரு வாய்ச்சண்டையோ கட்டாயம் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருவரை ராதாபுரத்துக்கு மாற்றினாலே அவர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். ராதாபுரம் பாவம், பனைமரத்தைத் தவிர அதன் மேல் வேறு குற்றம் இல்லை. ஐஸ்வாலுக்கு அனுப்பும் அளவுக்கு இவர் என்னதான் செய்தார்?

"டிரான்ஸ்ஃபர் இல்லப்பா. ஒப்பந்தம் முடிஞ்சா அடுத்த கிளப்புக்குப் போவாங்க."

"முடிஞ்சா ஏன் நீட்டிக்கல?"

நேரில் பார்த்துவிட்டுத்தான் சம்மதமா இல்லையா என்று சொல்வேன் என்றேன். எந்த மனு வந்தாலும் முதலில் புலத்தணிக்கை. அது என் பழக்கம். நல்ல வேளையாக அவருடைய அணி பாளையங்கோட்டையில் ஒரு போட்டிக்கு வந்தது. அரையிறுதி.

"வெயில்ல ஆம்பளைங்க ஓடுததைப் பாக்க நான் எதுக்கு? எங்கண்ணன்ட்ட கேக்காம மட்டும் வாயைத் தொறந்துராதீங்க" என்று மனைவி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

கேலரியில் எனக்கு ஒரு பக்கம் மகள், மறுபக்கம் அவருடைய அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடங்கும் முன்பே தொண்டை கட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, இத்தனை ஊருக்குப் போயிருக்கான், ஒரு கோல் போட்டு நான் பாத்ததில்ல. இன்னைக்குச் சம்பந்தி வாராரு, ஒண்ணாவது போடுலேன்னு சொல்லியிருக்கேன்."

சம்பந்தியா? நான் இன்னும் மனுவையே பரிசீலிக்கவில்லை. திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் மைதானத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் எனக்கு அடுத்த அதிர்ச்சி. பந்து அவர் காலுக்கு வரும். வந்த வேகத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவார். வைத்துக்கொள்ளவே மாட்டார். தபால் பிரிவில் கோப்புகளை மேசை மாற்றித் தள்ளுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் யாரும் இவ்வளவு வியர்த்ததில்லை. வேறொருவர் கோல் போட்டு அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் போனது.

"நீ போடுலே! அவனுக்கு எதுக்குல குடுக்க?" என்று அவருடைய அப்பா கத்தினார்.

முடிய இன்னும் சில நிமிடம்தான். எதிரணியின் முன்வரிசைக்காரன் ஒருவன் பந்தோடு தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினான். அவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் யாரும் இல்லை. நம்மவர் பின்னாலேயே ஓடினார், எட்டவில்லை. கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் விழுந்தார்கள். நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

பெண்ணின் அப்பா பார்க்க வந்திருக்கிறார் என்று தெரிந்தும், பட்டப்பகலில், இத்தனை பேர் முன்னால் ஒரு குற்றம்! நடுவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், சட்டையைக்கூட உதறாமல் அவர் வெளியே நடந்தார். போகிற வழியில் அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முதுகில் தட்டினார்கள். அதுதான் என்னை இன்னும் உலுக்கியது.

"மாதாவே! எம்பிள்ள தொடவே இல்லலே! ஏ ரெஃப்ரி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அப்பா எழுந்து நின்றார். நான் கண்ணால் பார்த்த உண்மைக்கு இவ்வளவு உரத்த மறுப்பை எந்த விசாரணையிலும் கேட்டதில்லை. மகள் கண்ணில் நீரோடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தவறுக்காக எதிரணிக்குக் கிடைத்த ஃப்ரீ கிக் கோல் கம்பத்துக்கு மேலே போனது. அணி ஜெயித்தது.

ஆட்டம் முடிந்து, வெளியே டீக்கடையில் நால்வரும் நின்றோம். அவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தார். நான் நேராக விசாரணைக்கு வந்தேன்.

"இழுத்தீங்களா?"

"அவன் எங்க அண்ணாச்சி இழு..." என்று அப்பா தொடங்கினார்.

"இழுத்தேன் சார்" என்றார் அவர். "விட்டா கோல். தெரிஞ்சுதான் இழுத்தேன்."

"என்ன ஆகும்னு தெரியுமா?"

"ஃபைனல்ல எறங்க முடியாது. அடுத்த வருசத்துக்கு யார் யாரை வச்சுக்கிடுததுன்னு முதலாளிமார் அன்னைக்குத்தான் பாக்க வாராங்க. நான் கேலரியில இருப்பேன்."

"மேல்முறையீடு?"

"நான்தானே செஞ்சேன் சார். எதுக்கு?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த விளக்கங்களைப் படித்தே என் கண்ணாடியின் பவர் ஏறியது. உடல்நலக் குறைவு, மாமியார் மரணம், எழுத்தர் தவறு, மழை. 'நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன்' என்று ஒரே ஒரு ஆள் எழுதியதில்லை. அதுவும் பலன் மற்றவர்களுக்கு, தண்டனை மட்டும் தனக்கு என்றிருக்கும்போது. இப்படி ஓர் ஆளை ஏன் எந்த ஊரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று யோசித்தேன். கோல் போட்டவர் பெயர்தானே பலகையில் ஏறுகிறது.

"எந்த ஊருக்கு இனிமே?" என்றேன்.

"கூப்பிட்டா சொல்லுதேன் சார். கூப்பிடலேன்னாலும் சொல்லுதேன்."

"எங்க போனாலும் பரவாயில்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் முப்பது நாள் இந்த மாவட்டத்துல இருந்தாப் போதும், நோட்டீஸ் குடுக்கலாம். இவ இங்கனதான இருக்கா. மூணு சாட்சி வேணும். ஒரு கையெழுத்து நான் போடுதேன்."

"சாட்சி எதுக்கு அண்ணாச்சி? ரெஃப்ரி மேல கேஸா?" என்று அப்பா ஆவலோடு நெருங்கி வந்தார்.

மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கையிலிருந்த டீ பாதி என் வேட்டியில் கொட்டியது. அவர் குனிந்து துடைக்க வந்தார். முழங்கால் மடங்கச் சிரமப்பட்டதைப் பார்த்து, வேண்டாம் என்று தடுத்தேன்.

மைத்துனரைக் கேட்கவில்லை. விசாரித்தது ஒரே ஒரு டீக்கடையில். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை எந்த வரிசையில் சொல்வது என்று ஆட்டோவில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அதற்கு ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை.