குதிரைக்கு ஒரு ராத்திரி இடம் தேடியவர்

அண்ணனின் மூச்சு அடங்கிய காலையில் பக்கத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமாட்டில் அண்ணி. கால்மாட்டில் மூத்த மகள், மடியில் அவள் கைக்குழந்தை. சுவரோரம் மகன், ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவன். வாசற்படியில் என் வீட்டுக்காரர். திருநீற்றுத் தட்டோடு முனியாண்டி கோயில் பூசாரி ஐயா. பால் ஊற்றியது நான். அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

வருஷம் ஒன்று ஆகிவிட்டது. நினைவு மலருக்கு நீதான் எழுதவேண்டும் என்று அண்ணி சொன்னார். எனக்குப் படிப்பு கொஞ்சம். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான மேட்டு லயத்தில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். மார்ச்சளியில் போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பவில்லை. துரை பங்களாக் குதிரைகளுக்குப் புல் அறுக்கப் போனார். அம்மாவும் நானும் அந்தப் புல்லில்தான் சாப்பிட்டோம். பிறகு துரை கார் வாங்கினார். குதிரைகளைக் கொழும்பில் ஓட்டக் குதிரை வைத்திருந்த முதலாளி ஒருவருக்கு விற்றார். அதில் ஒரு குதிரை, அண்ணன் ஏறாமல் தானும் லொறியில் ஏறமாட்டேன் என்று நின்றது. "அப்ப இவனையும் ஏத்து" என்றாராம் முதலாளி. அண்ணன் மலையை விட்டு இறங்கியது அப்படித்தான். சுதந்திரம் கிடைத்த சமயம் அது.

கொழும்பில் லொறி ஓட்டவும் பழகிக்கொண்டார். கல்யாணம் முடித்தார். லாயத்துக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். ஏப்ரல் பந்தய சீசனுக்குக் குதிரைகளை நுவரெலியாவுக்கு ஏற்றி வருவதும், முடிந்ததும் இறக்கிப் போவதும் அண்ணன் பொறுப்பு.

மனுஷர் அந்த வழியை ஒரே நாளில் வந்துவிடலாம். குதிரையை அப்படிக் கொண்டுவரக் கூடாது என்பார் அண்ணன். ஒவ்வொரு வளைவிலும் விழாமல் காலை ஊன்றிக்கொண்டே வருகிற பிராணி அது. களைத்து, வியர்த்து, அப்படியே நுவரெலியாக் குளிருக்குள் போனால் நெஞ்சில் சளி கட்டிவிடும். நடுவில் ஒரு ராத்திரி இறக்கிக் கட்டவேண்டும். எங்கே கட்டுவது? தங்குமடங்களில் மனுஷருக்குத்தான் இடம். கினிகத்தேனையில் கடை வைத்திருந்த பாயிடம் முதல் தடவை போய் நின்றாராம்.

"ரெண்டு பேருக்கு ஒரு ராத்திரி இடம் வேணும் பாய்."

"பலகை இருக்கு தம்பி, படுத்துக்கங்க. எங்க மத்தவரு?"

"நான் லொறியிலயே படுத்துக்குவேன். அவங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கிறாங்க."

பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க சோறு கேட்டா என்னால முடியாது" என்றாராம். ஆனாலும் கொப்பரா வைக்கிற கொட்டிலைத் திறந்துவிட்டார். அண்ணன் உட்காரக்கூட இல்லை. தரையைக் கையால் தடவிப் பார்த்தார். ஈரம். காற்றும் நேராக அடித்தது. ஒரு ராத்திரி சமாளித்தார். மறு வருஷம் வேறு இடம் தேடினார்.

அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கொட்டகலை தாண்டி, ரோட்டோரம் நான் வாழ்க்கைப்பட்ட தோட்டம். பங்களாவின் பழைய லாயம் சும்மா கிடந்தது. அண்ணன் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டார்.

"ஏன்யா, குதிரைக்கு லீவு குடுத்துட்டாங்களா?" என்றார் கண்டாக்கையா. துரையிடம் கேட்டு வந்து, "ஒரு ராத்திரி. காலைல ஆளுங்க பேர் பதியிற பெரட்டுக்கு முந்திக் காலி பண்ணணும்" என்றார்.

அண்ணன் கொண்டுவந்ததில் ஒன்று செம்பட்டை. ஒன்று வெள்ளை, மாசு மறு இல்லாத வெள்ளை. அது எங்கள் முனியாண்டிக்குத் திருவிழா நடக்கிற வாரம். சாமிக்கு வாகனம் வெள்ளைக் குதிரை. வேறு என்ன சொல்லவேண்டும்? சனங்கள் எட்ட நின்று கும்பிட்டார்கள்.

விடியற்காலை அண்ணன் பீலிக்குக் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் பூசாரி ஐயா சர்க்கரைப் பொங்கலை வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்தார். பின்னாலேயே லயத்துப் பெண்கள், அவல், பழம், வெல்லம் என்று. வெள்ளை எல்லாவற்றையும் தின்றது. செம்பட்டையை யாரும் கவனிக்கவில்லை. அதனால் அது பிழைத்தது.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது வெள்ளை தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்த்தது. காலால் வயிற்றை உதைத்தது. படுக்கப் பார்த்தது.

"யாரு என்ன குடுத்தது?"

பூசாரி ஐயாதான் சொன்னார். "நைவேத்தியம்தான் தம்பி. நல்ல நெய் போட்டது."

"எவ்வளவு?"

"அது திங்கத் திங்க வச்சோம்."

அண்ணன் சத்தம் போடவில்லை. கயிற்றைக் கையில் பிடித்தார். "படுத்து உருண்டா குடல் முறுக்கிக்கும். நடக்க வைக்கணும். தங்கச்சி, ஓமமும் இஞ்சியும் போட்டுத் தண்ணி காய்ச்சு" என்றார்.

அது செத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன் வேலை போகும். வேலையோடு அறையும் போகும். அந்த அறையில் அண்ணி கைக்குழந்தையோடு இருந்தார். முதலாளி எங்கள் துரையிடம் சொன்னால் பூசாரி ஐயா குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போகவேண்டியதுதான்.

லயத்துக்கும் தேயிலை ஸ்டோருக்கும் இடையில் உள்ள வண்டிப் பாதையில் குதிரையை நடத்தினோம். போவதும் வருவதும். பெரட்டுக்கான தப்புப் பறை அடித்துவிட்டது. கண்டாக்கையா ஓடி வந்தார்.

"என்னா கூத்து இது? வேலைக்குப் போறீங்களா, ஊர்வலம் போறீங்களா? அத்தனை பேருக்கும் பேர் வெட்டி இன்னைக்குச் சம்பளத்த நிறுத்திடுவேன்!"

"வெட்டுங்கய்யா, சாமி செத்தா யாரு பாக்கிறது?" என்றாள் ஒரு கிழவி. கண்டாக்கையாவும் இந்து. கொழுந்து பறிக்கிற பெண்களை மட்டும் மலைக்கு அனுப்பினார்.

அண்ணன் கை ஓய்ந்தபோது என் வீட்டுக்காரர் பிடித்தார். பிறகு கவ்வாத்துக்குப் போகாமல் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். பூசாரி ஐயா கயிற்றை விடவே மாட்டேன் என்றார். அண்ணன் போத்தலில் ஓமத் தண்ணீரை வாங்கிக் கடைவாயில் ஊற்றினார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை என்றார். மறுபடி நடந்தார்கள்.

மத்தியான வெயிலில், ஸ்டோர் வளைவில், வெள்ளை வாலைத் தூக்கி லத்தி போட்டது. அண்ணன் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பூசாரி ஐயா பாதையில் சூடம் கொளுத்தினார்.

"ஐயா, எதுக்குக் கொளுத்துறீங்கன்னு தெரியுதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாம் தெரியும். பேசாம கும்புடு" என்றார் அவர்.

மறுநாள்தான் நுவரெலியா போய்ச் சேர்ந்தார்கள். ஏன் தாமதம் என்று முதலாளி கேட்டார். "என் பிசகு. வழியில தீனிய மாத்திட்டேன்" என்றார் அண்ணன். அந்த சீசன் முழுக்க முதலாளி அவரைக் குதிரையைத் தொட விடவில்லை. அண்ணன் லாயம் கூட்டினார். வெள்ளை ஓடியது. ஜெயிக்கவில்லை.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "உள்ளதைச் சொல்றதுக்கு என்ன அண்ணே?"

"பொங்கல் வச்சவங்களுக்கு இந்தத் தோட்டத்த விட்டா வேற எடம் ஏது? எனக்கு லொறி ஓட்டத் தெரியும், எங்கயும் பொழைச்சுக்குவேன்" என்றார்.

மறு வருஷம் அண்ணன் வருவதற்கு முன்பே லாயம் கூட்டி, சாம்பல் தூவி, காய்ந்த புல் பரப்பிக் கிடந்தது. வாசலில் பூசாரி ஐயா கம்போடு உட்கார்ந்திருந்தார். "ஒரு வாழைப்பழம் உள்ள போவாது தம்பி, நீ தூங்கு" என்றார். அதன் பிறகு அண்ணனுக்கு இடம் தேடுகிற வேலை இல்லை. மற்ற லொறிக்காரர்களும் எங்கள் தோட்டத்தை விசாரித்து வந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

அந்த வேலை ஓய்ந்ததும் அண்ணன் மலைக்கே குடும்பத்தோடு வந்து தேயிலைப் பெட்டி லொறி ஓட்டினார். கடைசியில் அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சுச் சளி. எங்கள் லயத்துக் காம்பரா அறையில் கிடந்தார். முனகியதில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களுக்கும், ராத்திரி விழித்தவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், கினிகத்தேனையிலிருந்து வந்து கடைசிவரை நின்ற பாய்க்கும், அன்றைக்குப் பேர் வெட்டாத கண்டாக்கையாவுக்கும், லயத்துச் சனம் அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

போவதற்கு முந்தின வாரம் நான் அண்ணனிடம் ஒன்று கேட்டேன். மலைக்கு ஏற்றி வந்ததில் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தது எத்தனை? கணக்கு வைக்கவில்லை என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். நான் எண்ணினேன்.

அறுபத்தெட்டு.